கடிபடாத சீடை

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டை வீரகேசரி என்றோர் அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குத் தன் வாளைவிடத் தன் பல்மீது பெருமை அதிகம். இளவயதில் கொட்டைப்பாக்கைச் சபை நடுவே கடித்து உடைத்துக் காட்டியவன். அந்தப் பெருமை மங்கிவிடக் கூடாதென்று ஒரு வழக்கமும் வைத்திருந்தான். சபை கூடியதும் வெள்ளித் தட்டில் உப்புச்சீடை வரும். அரசன் ஒன்றை வாயில் போடுவான். பிறகு எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும். "பல் போன நாய்க்கும் பல் போன மனிதனுக்கும் என் அரண்மனையில் இடமில்லை" என்பது அவன் அடிக்கடி சொல்லும் வேடிக்கை. சபை விழுந்து விழுந்து சிரிக்கும்.

காலம் அரசனென்று பார்க்குமா? அவனுடைய கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. புன்னகைக்குப் போதுமான முன்பற்கள் மட்டும் மிஞ்சின. அது யாருக்கும் தெரியாது. சபையில் சீடையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வான். சாப்பாட்டைத் திரைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டான். தட்டில் வரும் கறியையெல்லாம் காலடியில் கிடக்கும் வேட்டைநாய் சூறைக்குப் போட்டுவிட்டு, சோற்றைப் பாலில் கரைத்துக் குடித்துவிட்டு எழுவான். காலியாகத் திரும்பும் தட்டைப் பார்த்து, மகாராஜா இன்னும் சிங்கம்தான் என்று அரண்மனை மெச்சிக்கொள்ளும்.

ஒருநாள் சூறை கறியை வாயில் வாங்கியது. கடித்ததும் முனகிக் கீழே போட்டது. அரசன் அதன் வாயைத் திறந்து பார்த்தான். ஈறெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. பற்கள் தேய்ந்து ஆடின. அந்த வலி அவனுக்கு நன்றாகத் தெரியும். தன் பால்சோற்றுக் கிண்ணத்தை அதன் முன் நீட்டினான். நாய் நக்கத் தொடங்கிய நேரம், திரைக்கு அப்பால் தளவாய் உக்கிரனின் செருப்புச் சத்தம் கேட்டது. அரசன் சட்டென்று கிண்ணத்தை இழுத்து மறைத்துக்கொண்டான். நாய் கிண்ணத்தைத் தேடவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தது.

வேட்டைநாய்களுக்குப் பொறுப்பாளன் உக்கிரன்தான். அமைச்சர் மாசிலாமணியைக் கண்டால் அவனுக்கு ஆகாது. சமையற்காரன் காளத்தியை அரண்மனைக்குக் கொண்டுவந்தவர் அந்த அமைச்சர். ஆகவே சூறையைத் தன் நாய்க்கொட்டடிக்கு ஓட்டிச்சென்று, நெஞ்செலும்பும் தொடையெலும்புமாகப் போட்டுப் பார்த்தவன், அது எதையும் தொடவில்லை என்றதும் காளத்தியின் கெட்ட கறிதான் நாயைக் கெடுத்தது என்று சபையில் முறையிட்டான்.

காளத்தி கைகட்டி நின்றான். தன் பிள்ளைக்குக் கொடுக்கும் கறியைத்தான் சூறைக்கும் கொடுத்ததாகச் சொன்னான். நாய்க்குப் பல் போய்விட்டதென்று அரசன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பிவிடுவான். அந்த வார்த்தை அரசனின் நாக்கு நுனிவரை வந்தது. சீடை அதை மறித்துக்கொண்டது. நாளை சபை கூடுவதற்குள் நாய் சாப்பிடாவிட்டால் காளத்தி நாட்டை விட்டே போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது.

அமைச்சர் கொட்டடிக்குப் போனார், சமையற்கட்டுக்குப் போனார், பிறகு அரசனிடம் வந்தார்.

"சூறை சாப்பிடாத நாளிலிருந்து அரசரின் தட்டும் கறியோடு திரும்புகிறதாம்" என்றார்.

"கவலையில் எனக்கும் பசியில்லை, அமைச்சரே."

"இருக்கும், அரசே" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் நிமிர்ந்து பார்க்காததுதான் அரசனைச் சுட்டது.

மறுநாள் காளத்தி துணிமூட்டையோடு வந்து தூணோரம் நின்றான். பட்டினியால் தளர்ந்த சூறையைக் காவலர்கள் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அமைச்சர் இரண்டு பாத்திரங்களை அரசன் முன் வைத்தார். ஒன்றில் பொரித்த நெஞ்செலும்பு. மற்றொன்றில் கறிச்சாறு விட்டுக் குழையப் பிசைந்த சோறு.

"இது அரசர் கை பார்த்து வளர்ந்த நாய். அரசர் சாப்பிடுவதைத்தான் அதுவும் சாப்பிடும். எது வேண்டுமோ, அதில் ஒரு வாய் அரசரே எடுத்துக்கொள்ளட்டும்."

உக்கிரன் வாய்விட்டுச் சிரித்தான். "பல் முளைக்காத பிள்ளைக்குப் பிசைந்ததை எங்கள் சிங்கம் தொடுமா? எலும்பைக் கொடும் ஐயா."

சபையும் சிரித்தது. அரசன் எலும்பின் பக்கம் கை நீட்டினான். நாய் எலும்பைப் பார்க்கவில்லை. அன்றைப் போலவே அவன் முகத்தைப் பார்த்தது. அரசனின் கை பாதியில் நின்றது. பிறகு சோற்றின் பக்கம் திரும்பியது.

ஆனால் சோற்றை வாயில் வைக்க வேண்டுமானால் வாய் காலியாக வேண்டுமே. அரசன் கன்னத்திலிருந்த சீடையை எடுத்துத் தட்டில் போட்டான். ஒரு கீறலும் இல்லாமல் முழுசாக அது டிங்கென்று விழுந்து உருண்டது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"என் பல் போய் வெகுகாலம் ஆகிறது. இதன் பல் போனதும் எனக்குத் தெரியும். தெரிந்தே காளத்தியைத் தண்டித்தேன்" என்றான் அரசன், தலை நிமிராமல்.

ஒரு வாய் உண்டுவிட்டு, அடுத்த உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். சூறை மெல்ல நக்கியது. நக்கி, விழுங்கி, இன்னும் தேடியது.

அப்போது பின்வரிசையில் ஒரு டிங். கிழட்டுப் புலவர் சீடையைத் துப்பியிருந்தார். பிறகு கணக்கர். பிறகு ராஜகுரு. சபையெங்கும் டிங் டிங்கென்று முழுச் சீடைகள் உருண்டன. கடைசியில் எல்லோரும் உக்கிரனைப் பார்த்தார்கள். அவன் கன்னம் இன்னும் புடைத்தே இருந்தது.

அமைச்சருக்கு அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். சூறைக்குத் தினமும் சோறு பிசையும் வேலை உக்கிரனுக்கு வந்தது. சீடைத் தட்டு அன்றோடு சமையற்கட்டுக்குத் திரும்பியது.

மிஞ்சியது ஒன்றுதான். அரசன் சிம்மாசனத்தை விட்டு இறங்கித் தூணோரம் போனான். காளத்தியின் முகத்தைப் பார்க்க முடியாமல் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காளத்தி, அந்தச் சோறு இன்னும் இருக்கிறதா?"

"யாருக்கு, மகாராஜா?"

"எங்கள் இரண்டு பேருக்கும்."

காளத்தி மூட்டையைக் கீழே வைத்தான்.