முள்ளம்பன்றி தேடிய நல்ல மண்

பாறைக்குன்றின் உச்சியில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. தாயின் பெயர் முள்ளி. தகப்பன் சலங்கன். நடந்தால் அவன் முதுகு முட்கள் கலகலவென்று ஒலிக்கும், அதனால் அந்தப் பெயர். அவர்களுக்கு மூன்று குட்டிகள். போன கோடை வரைக்கும் நான்கு.

போன கோடையில் குன்றின்மேல் தின்ன ஒன்றுமில்லை. எல்லோரும் கிழங்கு தேடி ஓடைக்கரைக்கு இறங்கினார்கள். அங்கே ஒரு கழுதைப்புலி பதுங்கியிருந்தது. பெரியவர்களின் முள்ளுக்கு அது பயப்படும். குட்டிகளின் முள்ளோ இன்னும் வெறும் மயிர்தான். கடைக்குட்டி திரும்பி வரவில்லை.

"இந்த வருஷம் என் பிள்ளைங்க கீழ இறங்கக் கூடாது!" என்றாள் முள்ளி. "மேலேயே சர்க்கரைவள்ளி போடுவோம்."

உச்சியில் பாறைக் குழிகள் இருந்தன. மண்தான் இல்லை. அதைக் கீழேயிருந்து கொண்டு வர வேண்டும்.

"மண்ணைப் பத்தி நமக்கா சொல்லித் தரணும்?" என்று சலங்கன் முட்களைக் குலுக்கினான். முள்ளம்பன்றிகளுக்கு அந்த விஷயத்தில் பெருமை கொஞ்சம் அதிகம். வளை தோண்டுவதற்கு முன் மண்ணில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். ஊற்றியது சட்டென்று உள்ளே போய்விட்டால் நல்ல மண். எத்தனை மழைக்கும் வளை காய்ந்தே இருக்கும், குட்டிகளுக்குச் சளி பிடிக்காது. தண்ணீர் தங்கும் மண் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள்.

அதே வழக்கப்படி ஓடை மணலில் ஊற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் போன இடம் தெரியவில்லை.

"ஆஹா! மண்ணுன்னா இதுதாங்க மண்ணு!" என்றாள் முள்ளி.

மணலைச் சுரைக்குடுக்கையில் சுமந்து குழிகளை நிரப்பினார்கள். கொடியை நட்டார்கள். அதற்குப் பிறகு ஆரம்பித்தது தண்ணீர் சுமக்கும் பாடு.

கழுதைப்புலி தூங்குவது உச்சி வெயிலில்தான். அந்த நேரத்தில்தான் குட்டிகளைத் தனியே விட்டுவிட்டு ஓடைக்குப் போக முடியும். குடுக்கையை வாயில் கவ்விக்கொண்டு ஏற வேண்டும். பாறை காலைச் சுடும். ஏறி வந்து ஊற்றினால் மணல் ஒரே மூச்சில் விழுங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் கொடி தலையைத் தொங்கப் போடும். திரும்பவும் கீழே. திரும்பவும் மேலே. சொல்கிற எனக்கே கால் வலிக்கிறது.

பாதி வழியில் ஒரு புங்கமரம். அதில் ஒரு மந்தி குடியிருந்தது.

"என்னக்கா, இன்னைக்கும் மலையைக் குளிப்பாட்டப் போறீங்களா?" என்று கேட்டது.

"போடி, உனக்கென்ன!" என்றாள் முள்ளி. சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

தெம்பெல்லாம் வீட்டுச் சண்டைக்கே சரியாகப் போயிற்று.

"நீங்க சரியா ஊத்தலை!"

"ஊத்தாமலா எனக்கு வாயெல்லாம் புண்ணாக் கிடக்கு?"

மணலை மட்டும் இருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் நல்ல மண்ணாயிற்றே!

ஒரு நாள் பார்த்தால் கொடியில் பாதி கருகிக் கிடந்தது. மூத்த குட்டி, "அம்மா, பசிக்குது. நாளைக்குக் கீழ போலாமா?" என்று கேட்டது. முள்ளி குடுக்கையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தண்ணீரோடு திரும்பி ஏறும்போது புங்கமரத்தடியில் கால் மடங்கியது. குடுக்கை நழுவி, சரிவில் உருண்டு, எங்கேயோ கீழே போய்க் கொட்டியது. முள்ளி எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்து அழுதாள்.

மந்தி இறங்கி வந்தது. "அக்கா, அங்க படுக்காதீங்க! எத்தனையோ வருஷத்து இலை மக்கிக் கிடக்கு. வயிறு சில்லிட்டுப் போகும்!"

அப்போதுதான் முள்ளிக்கு வயிற்றில் ஈரம் உறைத்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. இங்கே யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. மேலே கிடந்த சருகை விலக்கினாள். உள்ளே கறுப்பாக, மெத்தென்று இலைமக்கு இருந்தது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாள். ஈரம் கசிந்தது.

"ஐயோ! தோட்டத்துக்கு மண்ணு பார்க்கச் சொன்னா, நான் வளைக்கில்ல பார்த்திருக்கேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சலங்கன் ஒத்துக்கொள்ளவில்லை. "குப்பையையா? எங்க பாட்டன் பூட்டன் யாரும் இதுல காலை வெச்சதில்லை! நாறும்!"

"நாறட்டும்! அதுல குடியிருக்கப் போறது நாமளா? கொடிங்க! மிச்சமிருக்கிற மூணையும் கழுதைப்புலிக்குக் குடுக்கணுமா?"

சலங்கன் முதல் ஆளாக மக்கில் இறங்கினான். இருவரும் மக்கில் நன்றாகப் புரண்டார்கள். முட்களில் அப்பியதோடு மேலே ஏறி, குழியில் குலுக்கி உதிர்த்தார்கள். மந்தி சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து விழப் பார்த்தது. பிறகு அதுவும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தது. மணலில் பெரும்பகுதியை வாரிக் கொட்டிவிட்டு மக்கைக் கலந்தார்கள். பிழைத்திருந்த கொடிகளை நட்டு, மேலே சருகைப் பரப்பினார்கள்.

முள்ளி ஒரு குடுக்கைத் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் நகத்தால் கிளறிப் பார்த்தாள். ஈரம் இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. அன்று யாரும் ஓடைக்குப் போகவில்லை.

கொடி பாறையெல்லாம் படர்ந்தது. முதலில் அதன் இலை குட்டிகளின் பசியை ஆற்றியது. கோடை முடிவதற்குள் கிழங்கும் விழுந்தது. குட்டிகள் மூக்கெல்லாம் மண்ணாகத் தோண்டித் தின்றன. கீழே கழுதைப்புலி ஊளையிட்டது. ஒரு குட்டியும் தலை நிமிரவில்லை. "இன்னும் தின்னுங்க கண்ணுங்களா" என்று முள்ளி சொல்ல வாயெடுத்தாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

ஒரு வேலைக்கு நல்லதென்று பெயர் வாங்கிய பொருளை எல்லா வேலைக்கும் நல்லதென்று நம்பிவிடாமல், இந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறவர்களுக்குப் பாதிச் சுமை அப்போதே குறைந்துவிடும்.