ராஜா தலைப்பாகை கட்டிய கதை

ஒரு காலத்தில் வேங்கை நாடு என்று ஒரு நாடு. அதை மகுடேந்திரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். பெயர்தான் மகுடம், தலையில் எப்போதும் தலைப்பாகைதான். அதையும் பணியாள் கட்டிவிட வேண்டும். மனிதர் நல்லவர்தான், ஆனால் கடைசியாக யார் காதைக் கடித்தார்களோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்.

அன்று காதைக் கடித்தவர் அரசவைப் பண்டிதர் அகோரமூர்த்தி. அரண்மனைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சடையப்பரை ஊரே புகழ்வது அவருக்கு வயிற்றெரிச்சல்.

“அரசே, அந்த ஆள் பாடம் நடத்துகிற அழகைக் கேளுங்கள். முதலில், ‘உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று பிள்ளைகளையே கேட்கிறார். கொஞ்சம் செய்து காட்டுகிறார். பிறகு அவர்களோடு சேர்ந்து விளையாடுகிறார். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறார். இதற்கு ஒரு வாத்தியாரா?”

“அப்படியா சேதி! நாளைப் பொழுது சாய்வதற்குள் அவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்!”

சடையப்பரைச் சபைக்கு வரவழைத்து ஆணையைச் சொன்னார்கள். மந்திரி நல்லதம்பி பரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பரிந்து பேசினால் ராஜாவின் பிடிவாதம் கூடும் என்று அவருக்குத் தெரியும்.

“ஆகட்டும் அரசே. ஆனால் வேறொரு சிக்கல். தலைப்பாகை கட்டுகிறவன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறான். நாளைக் காலை அண்டை நாட்டு ராஜா வருகிறார். வெறுந்தலையோடா வரவேற்பது? பண்டிதர் உங்களுக்குக் கட்டக் கற்றுக்கொடுக்கட்டுமே.”

பண்டிதருக்கு வாயெல்லாம் பல். தலைப்பாகையின் பிறப்பு, பெருமை, வகை என்று அளந்து தள்ளினார். ராஜா கொட்டாவி விட்டார். கடைசியில் பண்டிதரே மளமளவென்று ராஜா தலையில் கட்டி முடித்தார்.

“புரிந்ததா அரசே?”

“நன்றாகப் புரிந்தது!”

“பேஷ்!” என்றார் மந்திரி. “இப்போது அவிழ்த்துவிட்டு நீங்களே கட்டுங்கள் பார்க்கலாம்.”

ராஜா சுற்றினார். துணி முதலில் காதை மூடியது, அப்புறம் மூக்கை மூடியது, கடைசியில் கழுத்துக்கு இறங்கியது. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் தலை இருக்காதே!

“இவ்வளவு சொல்லியும்...” என்று இழுத்தார் பண்டிதர்.

“அப்படியானால் நான் மக்கா?” ராஜாவின் முகம் சிவந்தது.

“நாட்டைவிட்டுப் போகிறவர், போகிற போக்கில் அவரும் ஒரு கை பார்க்கட்டுமே” என்றார் மந்திரி.

சடையப்பர் முன்னால் வந்தார். துணியைக் கையில் எடுத்தார்.

“அரசே, வேட்டிக்குக் கொசுவம் வைக்கத் தெரியும்தானே?”

“தெரியாமலா!”

“அந்தக் கை போதும்.”

தன் தலையில் மெல்லச் சுற்றிக் காட்டினார். பிறகு ஆளுக்கொரு துணியாக இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். பிசகியபோது, “காதுக்கு மேலே, அரசே” என்று திருத்தினார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். ராஜா தடுமாறினார். உதவப் போன பண்டிதரைச் சடையப்பர், “விடுங்கள், அவரே கட்டட்டும்” என்று தடுத்தார். அவர் கண் மட்டும் ராஜாவின் விரல்களை விட்டு அகலவே இல்லை.

கட்டி முடித்தார் ராஜா. கொஞ்சம் கோணல்தான். தலையை ஆட்டிப் பார்த்தார், அவிழவில்லை.

“நானே கட்டினேன்!” என்று குதித்தார்.

“பண்டிதர் சொன்ன ‘சும்மா நிற்பது’ இதுதான் அரசே” என்றார் மந்திரி.

ராஜா வெட்கப்பட்டுத் தன் ஆணையைத் திரும்பப் பெற்றார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையைச் சடையப்பருக்குப் போர்த்தினார். பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினார்.

“நாளை முதல் நீர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். புரிந்ததா?”

“நன்றாகப் புரிந்தது அரசே!”

“அந்தப் பேச்சே வேண்டாம். உட்கார்ந்து காட்டும்!”