பாவா மடக்காத விரல்

"பாவா, புள்ள சாப்பிட மாட்டேங்குறா."

தர்காவின் பின்கட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பாவா திரும்பிப் பார்க்கவில்லை. கந்தூரி விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடுகிறவர் அவர். சோறு போடுவதில் தாராளம், பேச்சில் படு கஞ்சம். ஆனாலும் ஊரில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

"யாரு புள்ள?" என்றார்.

நூர்நிஷா கொஞ்சம் தடுமாறினாள். "மைமூன் புள்ள."

மைமூன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. அவள் புருசன் காசிம், நூர்நிஷாவை நிக்காஹ் செய்து கூட்டி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஏழு வயது மகள் சபீனாவுக்கு உம்மா என்றால் பெற்றவள்தான்; புதியவளைச் சித்தி முறை வைத்துச் சாச்சி என்று கூப்பிட்டாள். அதுவும் கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால்தான்.

வைத்ததைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. போகப் போகச் சரியாகும் என்று சொல்லிவிட்டுக் காசிம் வேலைக்குப் போய்விடுவான். ஆம்பளைகளுக்கு அது ஒரு வசதி.

நூர்நிஷா கேட்க வந்தது ஒன்றுதான். மைமூன் வெள்ளிக்கிழமைகளில் முழுக்கோழிக்கு ஒரு பொடி தடவி, சட்டியில் வைத்து, மேலும் கீழும் கனல் போட்டுச் சுடுவாளாம். அன்றைக்கு மட்டும் சபீனா எலும்பைக்கூட விடமாட்டாளாம். அந்தப் பொடியைச் சொல்லிக்கொடுத்தவர் பாவாதான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

பாவா கையை நீட்டினார்.

"மல்லி," என்று கட்டைவிரலை மடக்கினார். மிளகு, சோம்பு, மிளகாய் வத்தல் என்று அடுத்தடுத்த விரல்களும் மடங்கின. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்கணும், ஆறின பிறகு இடிக்கணும், எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்துத் தடவணும் என்றார்.

சுண்டுவிரல் மடங்காமல் நின்றது. அவர் அப்படியே கையைக் கீழே போட்டுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை பாவா சொன்னது சொன்னபடி நூர்நிஷா செய்தாள். சபீனா இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். நல்லாருக்கு சாச்சி என்றாள், விருந்துக்கு வந்தவள் மாதிரி.

நூர்நிஷா மறுபடி பாவாவிடம் வந்தாள்.

"ஏதோ குறையுது பாவா."

"குறையலை."

"ஒரு விரல் பாக்கி இருந்துச்சே."

பாவா கொதிக்கிற சட்டியை மூடியால் மூடினார்.

கிழவருக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று பொருமிக்கொண்டே அவள் வீட்டுக்குப் போனாள்.

சில நாள் கழித்துப் பரணைச் சுத்தம் செய்தபோது மைமூன் அரிசி புடைத்த பழைய சுளகு கையில் கிடைத்தது. பின்னலின் இடுக்கில் ஏதோ காய்ந்த இலைத்தூள் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். கற்பூரவல்லி.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஓட்டை வாளியில் அந்தச் செடி தளதளவென்று நின்றது. இத்தனை நாளும் அதன்மேல்தான் சோப்புத் தண்ணீரைத் தெறிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. இலைகளைக் கிள்ளி அதே சுளகில் பரப்பினாள். வெயில் பட்டால் மணம் போய்விடும் என்று நிழலைப் பார்த்துப் பார்த்து நகர்த்திவைத்துக் காயப்போட்டாள்.

வெள்ளிக்கு மறுநாள் அவள் தர்காவுக்கு வந்தபோது பாவா அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே விறகை உள்ளே தள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"கற்பூரவல்லி," என்றாள். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அது மைமூன் தானாச் சேர்த்தது."

நூர்நிஷா தரையில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்ததும் மணம் தெருவரைக்கும் போனது என்று சொன்னாள். சபீனா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

"உம்மான்னு கத்திக்கிட்டு ஓடியாந்தா, பாவா."

பாவா கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார்.

"நான் அடுப்பைப் பாத்துக்கிட்டு இருந்தேன். என்னைத்தான் கூப்பிடுறான்னு நெனச்சு, என்னம்மான்னு திரும்பிட்டேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுக்களைப் படியில் நின்ற பிள்ளை தன் முகத்தைப் பார்த்ததையும், பார்த்ததும் அந்தப் பிஞ்சு முகம் வாடிப்போனதையும் விட்டு விட்டுத்தான் சொன்னாள்.

பாவா தன் சுண்டுவிரலைப் பார்த்தார்.

"அதுக்குத்தான் மவளே சொல்லாம விட்டேன்."

அழுகை அடங்கட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டார்.

"அழுதுக்கிட்டே சாப்பிட்டா. எலும்பைக்கூட விடலை."

பாவா கீழே வைத்த விறகை எடுத்து அடுப்பில் தள்ளினார். அப்புறம், இனிமேல் அந்த இலையைச் சேர்க்கவேண்டாம் என்றார். அது இல்லாமலே செய்துகொண்டு வந்தால் போதும், நாளாக நாளாகப் பிள்ளை இவள் கைக்குப் பழகிவிடுவாள், என்றைக்காவது இவளையே உம்மா என்றும் கூப்பிடுவாள் என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

நூர்நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

"அடுத்த வெள்ளிக்கு இலை காயப் போட்டுட்டு வந்திருக்கேன், பாவா. வெயில் படுறதுக்குள்ள போகணும்."