எஸ்தர் டீச்சர் வராத கூட்டம்

நாட்பட்ட சோர்வு நோய்க்கு எப்படி மருத்துவம் பார்ப்பது என்று விதி வகுக்க மதுரையில் ஒரு குழு கூடியது. தலைவர் டாக்டர் சக்கரபாணி. நோயாளிகளுக்காகப் பேச வந்தவர், அந்த நோயால் வேலையை விட்ட விளையாட்டு ஆசிரியை எஸ்தர்.

"தினமும் நடையைக் கூட்டினால் போதும். என் ஆய்வில் கடைசிவரை இருந்த நோயாளிகள் எல்லாரும் தேறிவிட்டார்கள்," என்றார் டாக்டர்.

"பாதியில் நின்றவர்கள், சார்?"

"அவர்களுக்கு அக்கறை இல்லை. உங்களுக்கு இருந்தால் இந்த மாடிப்படியை ஏறி இறங்குங்கள். இல்லாவிட்டால் பேசாமல் இந்த விதியில் கையெழுத்துப் போடுங்கள்."

ஏறினால் என்ன ஆகும் என்று எஸ்தருக்குத் தெரியும். ஏறாவிட்டால் அந்த விதி எல்லா நோயாளிகள் தலையிலும் விடியும்.

"ஏறுகிறேன், சார். ஆனால் நாளை மறுநாள் என்னைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்."

"தாராளமாக!"

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார், இறங்கினார். "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை!" என்று டாக்டர் கைதட்டினார்.

சொன்ன நாளில் எஸ்தரின் நாற்காலி காலியாக இருந்தது. "நான்தான் சொன்னேனே, அக்கறை இல்லையென்று," என்று டாக்டர் பேனாவைத் திறந்தபோது எஸ்தரின் கணவர் தேவசகாயம் உள்ளே வந்தார்.

"படியேறிய மறுநாளிலிருந்து அவளால் தலையைத் தூக்க முடியவில்லை, ஐயா. நான் வராததுதான் என் பதில் என்று சொல்லச் சொன்னாள். பாதியில் நின்றவர்கள் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தீர்களா என்றும் கேட்கச் சொன்னாள்."

குழுவின் மூத்த பெண் மருத்துவர் திரும்பினார். "போய்ப் பார்த்தீர்களா, டாக்டர்?"

சக்கரபாணி பேனாவை மூடினார்.

நடையைக் கூட்டச் சொன்ன வரியை அன்றே அடித்து நீக்கினார்கள். அதைக் கேட்டுச் சிரிக்கும் அளவுக்கு எஸ்தர் தேற ஒரு மாதம் ஆயிற்று.