வெள்ளிக்கிழமை பம்பு

காகித ஆலையின் தண்ணீர் பம்பு வாரம் தவறாமல் படுத்துக்கொண்டது. வெள்ளிதோறும் மேனேஜர் சச்சிதானந்தம் முன்னால் நின்று அதைப் பிரித்துத் துடைத்து மாட்டவைப்பார். திங்களன்று அது நின்றுவிடும்; செவ்வாயன்று சரிசெய்து மறுபடி ஓட்டுவார்கள்.

இயந்திரம் ஏன் பழுதாகிறது என்பதையே எம்.இ.யில் படிக்கும் பெண் ஒருத்தி ப்ராஜெக்டுக்கு வந்தாள். “நல்லா ஓடுறதை ஏன் சார் பிரிக்கிறீங்க?” என்றாள்.

மேனேஜருக்குச் சுருக்கென்றது. “எனக்கே பாடமா? நீ ஒரு நட்டைக்கூடத் தொடாம, பத்து பைசா செலவில்லாம ஒரு மாசம் இதை ஓட்டிக் காட்டு. இல்லேன்னா ப்ராஜெக்டுல கையெழுத்து கிடையாது. உன் பட்டம் அவ்வளவுதான்.”

“சரி சார், நான் தொடலை. வேற யாராவது தொட்டு என் மேல பழி வந்துடக் கூடாதே? யாருமே தொடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுடுங்க.”

சிரித்துக்கொண்டே போட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பழக்கதோஷம், ஸ்பேனரோடு வந்து நின்றார். ஃபிட்டர் வேலாயுதம் வாசலில் மறித்தார். “யாருமேன்னா அதுல நீங்களும்தானே சார்?” ஆலையே சிரித்தது.

மாதம் முடிந்தது. பம்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை. பிரித்துப் பிரித்து மாட்டியதுதான் அதன் நோய் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

“உன் பேரென்னம்மா?”

“மங்கையர்க்கரசி, சார்.”