எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கத்தி

மடக்குக்கத்தியின் முனை உடைந்திருந்தது. கிணற்றடியில், திறந்த பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த டப்பாவின் மூடியை நெம்புவதற்கு மடத்தில் வேறு ஒரு சாமானும் அகப்படவில்லை போலிருக்கிறது.

தையல்நாயகி தன் கத்தியை எடுத்துக்கொண்டு போய், யார் செய்த வேலை இது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. சீடர்களில் மூத்தவரான அருணகிரி மட்டும், "நான் கீழேதான் வெச்சேன்க்கா" என்றார்.

கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்று மடத்தில் ஒரு நம்பிக்கை. கொடுப்பவர் தரையில் வைக்க வேண்டும், வாங்குபவர் தரையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுப்பதும் அப்படியே. எனவே வாங்கின ஒவ்வொருவரும் காரியம் முடிந்ததும் பயபக்தியோடு தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். எந்தத் தரை என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மாட்டுக்கொட்டகையிலும் தரைதான், மொட்டை மாடியிலும் தரைதான். தேடி அலைந்து சண்டை போடுவதற்கென்று ஒருத்தி இருந்தாள்.

அவள் இங்கே சண்டை போட வரவில்லை. பிள்ளைகளைக் கரையேற்றி, கணவரையும் வழியனுப்பிவிட்டு, ஐம்பது தாண்டிய வயதில், தன்னைவிட இளையவரான ஒரு சாமியாரிடம் பாடம் கேட்க வந்தாள். தினமும் காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பது அவள் பழக்கம். அதற்காகத்தான் இடுப்பில் அந்தக் கத்தி. அதை ஒருவர் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

சாமியின் பாடம் என்பது ஒரு கதை. விடிந்ததும் வேப்பமரத்தடியில் சொல்வார். கடைசி வரியில்தான் விஷயம் இருக்கும். சொன்ன கதையைத் திரும்பச் சொல்வதில்லை. கதை சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் அடுக்களையிலிருந்து குரல் வரும். "அக்கா, கத்தி." அரிசி மூட்டையின் தையலை அறுக்க வேண்டுமாம். வாழையிலையை நறுக்க வேண்டுமாம். பால் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டுமாம். அவள் எழுந்து போய், தரையில் வைத்து, காத்திருந்து, தேடி எடுத்துத் திரும்பி வருவதற்குள் மரத்தடியில் எல்லாரும் கண்ணை மூடி உருகிக்கொண்டிருப்பார்கள். அடுக்களை வேலை சீடர்களுக்கு முறை வைத்து வரும். முறைக்காரருக்குக் கதை போவது அன்றைக்கு ஒரு நாள். அவளுக்கு எல்லா நாளும் போயிற்று.

முடிவு என்ன என்று கேட்டால் அருணகிரி சிரிப்பார். "அதையெல்லாம் சாமி வாயால கேக்கணும்க்கா. நான் சொன்னா ருசிக்காது."

சாமி சொன்ன எல்லாக் கதைகளின் தொடக்கமும் அவளுக்குத் தெரியும். ஒன்றின் முடிவும் தெரியாது. ஒரே ஒரு கதையையாவது முழுசாகக் கேட்க வேண்டும், அதுவும் கிடைக்காவிட்டால் பஸ் ஏறிவிட வேண்டியதுதான் என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

கத்தி உடைந்தது தெரிந்ததும் மடம் முழுக்கப் பரபரப்பு. அடுத்து எப்படிப்பட்ட கத்தி வாங்கலாம் என்று சொல்ல ஆள் ஆளாக வந்தார்கள். அருணகிரி, நீளமான அலகும் உறுதியான பூட்டும் வேண்டும் என்றார். இன்னொருவர் கத்தரிக்கோலும் சேர்ந்து மடிகிற மாதிரி வந்திருக்கிறது என்றார். எவர்சில்வர் ஆகாது, இரும்புதான் கூர் நிற்கும் என்று ஒருவர் வாதாடினார். தொலைந்தால் கண்ணில் படுவதற்குக் கைப்பிடி சிவப்பாக இருக்கட்டும் என்று சொன்னவரும் உண்டு. ஆளுக்கொரு யோசனை இருந்தது. ஆளுக்கொரு கத்தி இல்லை.

அவள் நேராகச் சாமியிடம் போனாள்.

"எப்படிப்பட்ட கத்தி வாங்கட்டும் சாமி?"

"உங்களுக்கு அதுல என்னம்மா வேலை?"

"எனக்கா? தினம் ஒரு எலுமிச்சம்பழம் நறுக்கணும். அவ்வளவுதான்."

"அப்போ எலுமிச்சம்பழத்துக்கு வாங்குங்க."

டவுனில் இரும்புக் கடையில் நின்று அவள் நிதானமாகத்தான் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் எடுத்துப்போட்ட பெரிய கத்திகளை எல்லாம் ஒதுக்கினாள். விரல் நீளத்தில் மெல்லிய அலகு, மரக் கைப்பிடி, மடிப்பில் ஆட்டம் கிடையாது, நகத்தை வைத்து இழுத்தால் திறக்கும், தானாக மடங்கி விரலைக் கடிக்காது. அப்படி ஒன்று கிடைத்தது. இடுப்பில் செருகினால் இருப்பதே தெரியவில்லை.

அருணகிரி அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இதை வைத்து ஒரு மூட்டையைப் பிரிக்க முடியுமா என்று கேட்டார். மூட்டையை நான் இடுப்பில் வைத்திருக்கவில்லையே என்றாள் அவள்.

மறுநாள் காலை. ஒரு பரிசல்காரன் கதை. ஆற்றின் நடுவில் அவன் துடுப்பைத் தூக்கி எறிந்துவிட்டான். ஏன் எறிந்தான்? அடுக்களையிலிருந்து குரல் வந்தது. தையல்நாயகி அசையவில்லை. மறுபடியும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பக்தர் வாழைத்தாரைச் சாக்கில் சுற்றி, கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து சாமியின் முன்னால் வைத்தார்.

சாமி கதையை நிறுத்தவில்லை. அவள் பக்கம் பார்க்கவும் இல்லை. கையை மட்டும் அவள் இருந்த திசையில் நீட்டினார்.

"நீங்களுமா சாமி?"

சாமி நீட்டின கையைப் பார்த்தார். அது வேறு யாருடையதோ போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கத்தி கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்மா" என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பார்த்துப் பார்த்து வாங்கின ஒன்று, அதையும் பிடுங்கிக்கொண்டால்? அவர் முன்னால் தரையில் வைத்தாள். வைத்தது தரை அதிரக் கேட்டது.

அடுத்த காலையில் கதையின் நடுவில் குரல் வந்தபோது சாமி எழுந்தார். அடுக்களைக்கு அவரே போனார். மூட்டையைப் பிரிக்கக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். பிறகு, எங்கே வைத்தார்கள் என்று தேடிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கதை அப்படியே நின்றது. மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாள் அவர் இரண்டு தடவை எழுந்து போனார்.

சீடர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கிளி கூட்டுக்குத் திரும்பியதா, அந்த ராஜா என்ன பதில் சொன்னான் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். இது என்ன அநியாயம், பாடம் கேட்க வந்தோமா, பாதியில் உட்கார்ந்திருக்க வந்தோமா என்று குமுறினார்கள். அநியாயம் என்ற சொல் அவர்களுக்கும் தெரிந்திருப்பதே தையல்நாயகிக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் அருணகிரி எழுந்து கும்பிட்டார்.

"சாமி, பாடம் கெடுது. அந்தக் கத்தியை யார்கிட்டயாவது குடுத்துடுங்க."

"யார்கிட்ட?"

ஒருவரும் பெயர் சொல்லவில்லை. கழுத்துகள் மட்டும் திரும்பின, எல்லாம் ஒரே பக்கம்.

தையல்நாயகி எழுந்து நின்றாள். "திரும்பாதீங்க. நான் வந்த நாள்லேர்ந்து பாதிக் கதையிலதான் இருக்கேன். உங்களுக்கு நாலு நாள் போனதும் வலிக்குதா? நானும் இங்க பாடம் கேக்கத்தான் வந்தேன். உங்க வீட்டுப் பொம்பளையா வரல."

அருணகிரி தரையைப் பார்த்தார்.

"போய் ஆளுக்கு ஒரு கத்தி வாங்கிட்டு வாங்க" என்றார் சாமி. "அப்புறம்தான் கதை."

"எப்படிப்பட்ட கத்தி சாமி?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட நிறைய யோசனை இருந்துச்சே."

மொத்தக் கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே சாலைக்குப் போயிற்று. நீள அலகா குட்டை அலகா என்கிற வாதம் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. பஸ் வந்தது. ஏறிப் போனார்கள்.

சாமி அவளுடைய கத்தியை மடக்கி அவள் முன்னால் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள். கோபம் தீரவில்லை.

"அவங்களை அனுப்பிட்டீங்க. கை நீட்டினது நீங்களும்தானே?"

"ஆமாம்மா. நாளைக்கு நானே போய் வாங்கிக்கிறேன். இன்னைக்கு எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"முடிவு சொல்ற வேலை."

"சொன்னதைத் திரும்பச் சொல்றதில்லையே நீங்க."

"முடிவை உங்களுக்கு நான் எப்போம்மா சொன்னேன்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்தக் கதையோட முடிவு வேணும்?" என்றார் சாமி.

"எல்லாத்தோடதும்."

சாமி சாலைப் பக்கம் பார்த்தார். பஸ் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை.

"உக்காருங்க. கத்தி பாத்து வாங்குறது என்ன லேசுல முடியுற காரியமா?"