மருதம் இல்லத்தைப் பிரித்த கதை

நான் முல்லை இல்லத்துக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருதம் இல்லத்தைப் பற்றிப் பொறாமையில் பேசுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட எங்களுக்கு ஒரு காரணமும் கிடைத்ததில்லை.

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் உறைவிடப் பள்ளி. குறிஞ்சி, முல்லை, நெய்தல் மூன்றும் காரைக் கட்டடங்கள். மருதம் மட்டும் தகரக் கொட்டகை. சிமென்ட் தளம் போட்டு, கம்பம் நட்டு, நாலு பக்கமும் தகரம் வைத்துத் திருகாணி முடுக்கியிருந்தார்கள். கட்டடம் வரும்வரைக்கும் என்று சொல்லித்தான் போட்டது. பதினொரு வருஷமாகக் கட்டடம் வந்துகொண்டே இருந்தது.

அதில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அதே எட்டுப் பேர். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் எட்டுப் பேரும் மாத்திரை விழுங்குவார்கள்.

ஒற்றுமையாக வாழும் இல்லத்துக்கு வருஷாவருஷம் நாலு நாள் போட்டி வைத்து ஒரு கோப்பை கொடுப்பார்கள். மருதம் அதைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. அந்த வருஷம் தலைமை ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த முறையும் கடைசி இடம் என்றால் மருதம் கிடையாது, எட்டுப் பேரும் ஆளுக்கொரு இல்லத்துக்குப் போகவேண்டியதுதான். அன்று மத்தியானம் எட்டுப் பேரும் சாப்பிடவில்லை. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வார்டன் சவரிமுத்து சார் நல்ல மனுஷர். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோப்பை வேண்டுமென்றால் எதிலும் விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று புத்தி சொன்னார். இந்த நாலு நாளும் அதை மட்டும் செய்தால் போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அவர் போனதும் கூட்டம் கூடியது. இல்லத் தலைவன் குத்தாலிங்கம். அவர்களில் அறிவாளி இசக்கிதுரை. சந்தேகம் கேட்பதற்கென்றே மைதீன்.

"சார் மூணு வேலை சொல்லியிருக்காவ. முதல்ல விடணும். பொறவு குடுக்கணும். கடைசியா போகணும்" என்றான் இசக்கிதுரை.

"எங்க போகணும்?" என்று கேட்டான் மைதீன்.

"அதைச் சொல்லலை. சொல்லாததுனால எங்க வேணும்னாலும் போலாம்" என்று குத்தாலிங்கம் தீர்ப்புச் சொன்னான்.

மறுநாள் காலையில் குளியலறையில் வரிசை நின்றது. முதல் ஆள் சோப்புப் போட்டான். பின்னால் நிற்பவனைப் பார்த்தான். செம்பை விட்டான், எடுத்து அவன் கையில் கொடுத்தான், போய்விட்டான். அடுத்தவனும் அப்படியே. பிரார்த்தனைக்கு எட்டுப் பேரும் நுரையோடு வந்து நின்றார்கள். சாப்பாட்டுக் கூடத்திலும் தட்டைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவனாக எழுந்து போனான். கடைசித் தட்டு வாங்க ஆள் இல்லாமல் சமையல்காரர் கைக்குப் போனது. அவருக்கு அன்றைக்கு இரண்டாவது முறை காலைச் சாப்பாடு.

நாலு நாள் பட்டினியோடு அவர்கள் கடைசிப் போட்டிக்கு வந்தார்கள். கயிறு இழுக்கும் போட்டி. எதிரணி நாங்கள். எங்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, நாற்காலியில் தலைமை ஆசிரியர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

விசில் ஊதினார்கள். பட்டினி கிடந்தவர்கள் என்றாலும் பயல்கள் இழுத்தார்கள் பாருங்கள், என் கை தோல் உரிந்துவிட்டது. நாங்கள் தோற்கும் நிலைமைதான். அப்போது குத்தாலிங்கத்துக்கு வார்டன் சொன்னது ஞாபகம் வந்தது. "விடுங்கலே" என்றான். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் விட்டார்கள்.

நாங்கள் எட்டுப் பேரும் மல்லாக்கப் பறந்துபோய் நாற்காலி, டீ, தலைமை ஆசிரியர் என்று வரிசையாக விழுந்தோம். குத்தாலிங்கம் நிதானமாக நடந்து வந்தான். கயிற்றின் மறுமுனையை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் கொடுத்தான். பிறகு எல்லோரும் போய்விட்டார்கள்.

சட்டையெல்லாம் டீயோடு தலைமை ஆசிரியர் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மருதம் இல்லத்தைப் பிரிச்சு, மத்த மூணு இல்லத்துக்கும் சமமாக் குடுத்திரணும். புரியுதா?"

குத்தாலிங்கம் அழுதுகொண்டே கொட்டகைக்குப் போனான். கேட்டவர்களும் அழுதார்கள். இசக்கிதுரை மட்டும் கண்ணைத் துடைத்துவிட்டு, சொன்ன வார்த்தையை மாற்றாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். குத்தாலிங்கம் மறுபடி சொன்னான்.

"நம்மளப் பிரிக்கச் சொல்லலையே. இல்லத்தைத்தான பிரிக்கச் சொல்லியிருக்காவ" என்றான் இசக்கிதுரை.

அந்தச் சாயங்காலம் எட்டுப் பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள்.

விடிந்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். முப்பத்து மூன்று தகரம், இல்லத்துக்குப் பதினொன்று. கம்பமும் சட்டமும் எண்ணி மூன்று பங்கு. கதவு ஒன்றே ஒன்று என்பதால் மைதீன் ரொம்பக் கவலைப்பட்டான். கடைசியில் பலகை முல்லைக்கு, கீல் குறிஞ்சிக்கு, தாழ்ப்பாள் நெய்தலுக்கு என்று முடிவானது. பலகையை நான்தான் வாங்கி வைத்தேன். எங்களுக்கு ஏற்கெனவே கதவு இருந்தது, இருந்தாலும் முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மத்தியானம் சாரல் பிடித்துக்கொண்டது. தலைமை ஆசிரியர் குடையோடு வந்து பார்த்தார். கூரை இல்லை, சுவர் இல்லை. வெறும் சிமென்ட் தளத்தில் எட்டுக் கட்டில், பழைய வரிசை மாறாமல். கட்டிலுக்கு ஒருவனாக எட்டுப் பேரும் நனைந்துகொண்டு பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் எத்தனை நிறம் மாறியது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"ஏன் சார் வெளிய நின்னு நனையுதீய? உள்ள வாங்க" என்று குத்தாலிங்கம் எழுந்து நின்று கூப்பிட்டான்.

அவர் கோபத்தோடு தளத்தில் காலை வைத்தார்.

"சார், அது சுவரு. வாசல் இந்தப் பக்கம்."

என்ன நினைத்தாரோ, சுற்றிக்கொண்டு வாசல் வழியாகவே போனார். செருப்பை வெளியே விட்டார். குடையையும் மடக்கிவிட்டார். குத்தாலிங்கம் பின்னாலேயே போய், இல்லாத கதவைச் சாத்தினான். அப்புறம் தயங்கி நின்றான்.

"தாழ்ப்பாள் நெய்தல்ல இருக்கு சார். காத்துல திறந்துக்கிடும், ஒரு நிமிஷம் பிடிச்சுக்கிடுதீயளா? ஓடிப்போய் வாங்கிட்டு வாரேன்."

அவன் தாழ்ப்பாளோடு திரும்பி வர அரைமணி நேரம் ஆனது. அதுவரைக்கும் தலைமை ஆசிரியர் கையை எடுக்கவில்லை.